தம்பி நின்ற வரிசை

சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தபாற்கந்தோரில் முப்பது வருடம் முத்திரை விற்றவள் நான். லண்டனில் இருந்து வரும் கடித உறைகளின் முத்திரையில் நாட்டின் பெயரே இருக்காது; ராணியின் தலை மட்டும்தான். பெயர் போடத் தேவையில்லை என்ற அந்தத் திமிர் எனக்குப் பிடித்துப்போனது. அப்படித் தொடங்கிய பைத்தியம். எந்த அரசன் எந்த நோயில் போனான், அவனுக்குப் பின் யார் முடிசூடினார் என்று நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எங்களை அடக்கி ஆண்டவர்கள் மேல் உனக்கென்ன கரிசனை என்று கேட்காத ஆள் ஊரில் இல்லை. நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

என் ஒரே தம்பி லண்டனில் ஒரு கடையில் வேலை செய்கிறான். அவன் போன் எடுக்கும்போதெல்லாம் அரண்மனைச் செய்திதான் விசாரிப்பேன். ராணி இறந்து, சவப்பெட்டியை மக்கள் பார்வைக்கு வைத்தபோது, எனக்காகப் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வா என்று அவனை அரித்தெடுத்தேன். வரிசை மைல் கணக்கில் நிற்கிறது, லீவும் எடுக்க வேண்டும் என்று நழுவப் பார்த்தான். அவ்வளவு கிட்ட இருந்தும் போகாவிட்டால் அங்கே இருந்து என்ன பிரயோசனம் என்றேன். காலில் பழைய சப்பாத்தோடு போய் மானத்தை வாங்காதே என்றும் சொன்னேன். புதுச் சப்பாத்து வாங்கிப் போட்டுக்கொண்டு போனான்.

பாதி வரிசையில் நின்றுகொண்டு வீடியோவில் கூப்பிட்டான்.

"அக்கா, கால் சரியா நோகுது. திரும்பிப் போகட்டே?"

கால் நோயால் நடக்க முடியாமல், தன் முடிசூட்டு விழாவுக்கே நாற்காலியில் தூக்கிச் செல்லப்பட்ட ஒரு பழைய ராணியின் கதை எனக்கு ஞாபகம் வந்தது. அதைச் சொல்லிச் சிரித்தேன்.

"உன்னையும் தூக்கிக்கொண்டு போக ஆள் அனுப்பட்டே? பேசாமல் நட."

அவனும் சிரித்தான். பதின்மூன்று மணித்தியாலம் நின்று, கும்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான். வரிசையில் அவன் கையில் கட்டிவிட்ட பட்டியைத் தபாலில் அனுப்பிவைத்தான். அதை ஆல்பத்தில் ஒட்டி, கீழே 'பதின்மூன்று மணித்தியாலம்' என்று எழுதி, வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

இந்த வருடம் எங்கள் கோயில் திருவிழாவுக்கு வந்தான். தேரன்று எல்லோரும் வெறுங்காலுடன் உள்ளே போக, அவன் மட்டும் சப்பாத்தோடு வெளிவாசலில் நின்றான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. லண்டன் சப்பாத்தைக் கழற்றினால் மரியாதை குறைந்துவிடுமோ என்று சனத்துக்கு முன்னால் ஏசினேன். அவன் மதிலோரம் குந்தி, வலக்காலில் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினான். இரண்டு விரல்கள் இல்லை.

கன வருடமாகச் சீனி வருத்தமாம், நீரிழிவு. சப்பாத்து வெட்டிய புண் ஆறாமல் விரல்களை எடுத்துவிட்டார்களாம். எப்போது என்று கேட்டேன்.

"அண்டைக்கு லைனிலை நிண்டதுதான் அக்கா. நீங்கள் கவலைப்படுவியள் எண்டு சொல்லேல்லை."

தேர் எங்களைக் கடந்து போனது. கும்பிடக் கை எழவில்லை. முந்நூறு வருடத்துக்கு முந்திய ராணியின் கால் நோய் எனக்குத் தெரியும். கூடப் பிறந்தவனின் நோய் தெரியாது. அவன் மறைத்தான் என்று மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்க்கிறேன். முடியவில்லை. நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

லண்டனுக்குத் திரும்பியவன் போன கிழமை வீடியோவில் கூப்பிட்டான். புது ராசாவின் தலை போட்ட முத்திரை வந்திருக்கிறதாம், வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டான். அது வேண்டாம், உன்ரை கால் எப்படி என்று கேட்டேன். "பொறுங்கோ அக்கா, காட்டுறன்" என்று கமராவைக் கீழே திருப்பினான்.

அன்று ராணியின் பெட்டியை நாலு நாளாகக் கண்வெட்டாமல் ரீவியில் பார்த்தவள் நான். தம்பியின் காலை ஒரு நிமிடம் பார்க்க முடியாமல், போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதேன்.