கரண்டிவாயன் வந்த காலை

வின்னிக்கு மூட்டு போய்விட்டது, காது பாதி போய்விட்டது, புருஷன் முழுசாகவே போய்விட்டான். கண் மட்டும் கெடவில்லை. அந்தக் கண்ணைத்தான் யாரும் நம்பவில்லை.

போன அக்டோபரில், வலசை போகிற பறவைகளோடு ஒரு கரண்டிவாயன் அணைக்கு மேலே பறந்ததைப் பார்த்ததாகச் சொன்னாள். வெள்ளை உடம்பு, அகப்பை மாதிரி அலகு. இங்கிலாந்தில் கடலோரத்தில் மட்டும் திரிகிற பறவைக்கு யார்க்‌ஷயர் மலைக்குள் என்ன வேலை? அதோடு, கூட இன்னொருத்தர் பார்க்காத அபூர்வப் பறவை, பறவை பார்க்க வருகிற இந்தக் கூட்டத்தில் செல்லாது. ஒளிந்திருந்து பறவை பார்க்கிற குடிலுக்குத் தன்னைத்தானே தலைவனாக்கிக்கொண்ட பழைய பஸ் டிரைவர் க்ளிஃபர்ட், காற்றில் பறந்த உரச்சாக்காக இருக்கும் என்றான். அதிலிருந்து யார் கதை விட்டாலும் 'வின்னியோட சாக்கு' என்று சிரித்தார்கள். அவளும் சளைக்காமல் வந்தாள். சாட்சியோடு இன்னொன்றைப் பார்க்காமல் விடுவதில்லை என்று ஒரே பிடிவாதம்.

குடிலுக்குள் அவள் உட்கார மாட்டாள். ஈரக் காலுறை நாற்றம். வெளியே, அணைச்சுவரோரம் மடக்கு நாற்காலி போட்டுக்கொள்வாள்.

இந்த வருஷம் ஒரு நாள் காலை உள்ளே ஆண்கள் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். சேற்றில் குருவி அளவில் ஒரு பழுப்புப் பறவை. அமெரிக்காவிலிருந்து வழிதவறி வந்ததா, சைபீரியாவிலிருந்தா? கால் மஞ்சளா, பச்சையா? அதை வைத்துத்தான் தீர்ப்பு. ஒருவன் இதற்காகவே விடியுமுன் ஷெஃபீல்டிலிருந்து வண்டியோட்டி வந்திருந்தான்.

அப்போது வடக்கு மேட்டைத் தாண்டி வெள்ளையாக நாலைந்து வந்தன. கழுத்தை நீட்டிக்கொண்டு, அலகு நுனி தட்டையாக. வின்னி கூப்பிட்டாள். உள்ளேயிருந்து 'உஷ்' என்றார்கள். அந்தக் குடிலின் சன்னல் கையகலம்தான். அதில் சேறு தெரியும், வானம் தெரியாது. இதையும் தனியாகப் பார்த்தால் இன்னொரு சாக்குதான். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், கம்பளித் தொப்பியைக் கழற்றி க்ளிஃபர்டின் தொலைநோக்கியில் மாட்டிவிட்டாள்.

"எடு வின்னி. இப்பத்தான் கால் நிறம் தெரிய ஆரம்பிச்சுது."

"அது கால் எங்கயும் ஓடிடாது. வெளிய வந்து தலையத் தூக்கிப் பாருய்யா. இல்லன்னா இனிமே என் ஃபிளாஸ்க்குலேருந்து ஒரு சொட்டு டீ கிடையாது."

டீ போய்விடும் என்றதும் எழுந்தான். அவன் பின்னாலேயே மற்றவர்களும். கதவு படீரென்று அடிக்க, பழுப்புப் பறவை பறந்தே போயிற்று. ஷெஃபீல்டுக்காரன் அவளைத் திட்டிக்கொண்டே வெளியே வந்தான். வந்தவன் அண்ணாந்து பார்த்ததும் திட்டைப் பாதியில் விட்டுவிட்டு எண்ண ஆரம்பித்தான்.

வெள்ளைப் பறவைகள் அணைக்கு மேலே நிதானமாக ஒரு வட்டம் போட்டுவிட்டுத் தெற்கே போயின.

"சொல்லு," என்றாள் வின்னி க்ளிஃபர்டிடம்.

"என்னத்தச் சொல்ல?"

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

"கரண்டிவாயன்தான். போன வருஷமும் அதாத்தான் இருக்கும்."

"இருக்குமா?"

"இருந்துச்சு, தாயே. போதுமா?"

பழுப்புப் பறவை எந்த நாட்டுக்காரன் என்று இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். ஷெஃபீல்டுக்காரன் கோபம் ஆறி அவளுடைய பழக்கேக்கை ஒரு கை பார்த்துவிட்டுத்தான் போனான்.

மறுநாள் காலை, பிடித்துக்கொண்ட தோளை நிமிர்த்த வின்னி கையைத் தூக்கினாள். அத்தனை தொலைநோக்கியும் அவள் கை நீண்ட பக்கம் திரும்பின. வெறும் மேகம். அவள் கையை இறக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் தேடட்டும்.