அக்காவுக்கு வந்த காய்ச்சல்

கடைத்தெருவில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். மூக்குக்கண்ணாடி வாங்க வருகிறவரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் தன் முகத்தை வைத்து, காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா என்று தொட்டுப் பார்ப்பார். எதிரே இருப்பவர் தும்மினால், "இந்தக் கடையில இலவசமா கெடைக்கிற சரக்கு இது ஒண்ணுதான்" என்று முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

வீட்டில் மனைவி, மகள், அக்கா. பெற்றோர் போன பிறகு அவரை ஆளாக்கியவள் அக்காதான். தபால்காரி. சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா உண்டு. ஆனாலும் பையைத் தோளில் மாட்டிவிட்டால் எந்த மாடிப்படிக்கும் அசரமாட்டாள். அவள் பயப்படுவது ஊசி ஒன்றுக்குத்தான்.

ஃப்ளூ தடுப்பூசி போட வரும்படி சுகாதார நிலையத்திலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். "நீ கூட வந்தா போட்டுக்கறேன்டா" என்றாள் அக்கா.

"அடுத்த வாரம் போலாம்க்கா. கடையில கூட்டமா இருக்கு."

அந்த அடுத்த வாரம் நான்கு முறை வந்து போனது.

ஒரு மாலை, அடித்துப்போட்டதுபோல் உடம்பு வலியோடும் காய்ச்சலோடும் வீட்டுக்கு வந்தார். "கொஞ்ச நாள் தனியா படுங்களேன்" என்றாள் மனைவி. "சளிக்கெல்லாமா கதவச் சாத்துவாங்க?" என்று கூடத்திலேயே படுத்துக்கொண்டார். நெற்றியில் ஈரத்துணி போட்டுக் கூடவே உட்கார்ந்திருந்தாள் அக்கா. அவர் பாதி குடித்து வைத்த டீயை, வீணாவானேன் என்று அவளே குடித்தாள்.

நான்காம் நாள் அவர் எழுந்து கடைக்குப் போனார். அன்று அக்கா படுத்தாள். மூச்சு இழுத்தது. வழக்கமான இழுப்புதானே என்று அவரும் அக்காவும் நினைத்தார்கள். அதற்கு மூன்றாம் நாள் காலையில் அவள் உதடு நீலம் பாரித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "நுரையீரல் வரைக்கும் போயிருச்சு. காய்ச்சல் ஆரம்பிச்ச ரெண்டு நாளுக்குள்ள கூட்டிட்டு வந்திருந்தா மாத்திரை இன்னும் நல்லா கேட்டிருக்கும்."

"ஊசி போட்டிருந்தா வந்திருக்காதா?"

"வந்தாலும் வந்திருக்கும். இவ்வளவு முத்தியிருக்காதுன்னுதான் தோணுது."

பத்தொன்பது நாள் கழித்து அக்கா பிழைத்து வந்தாள். பழைய மூச்சு மட்டும் திரும்பவில்லை. குளியலறைக்குப் போய் வந்தாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தபால் வேலையிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். ஒரு நாளும் அவரைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவரைத் தின்றது.

அடுத்த ஆண்டு சொல்லி அனுப்பிய அன்றே கடையைப் பூட்டி, எல்லோரையும் கூட்டிப்போய் ஊசி போட்டுக்கொண்டார். அக்கா கண்ணை மூடி அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அப்படியும் அந்த மழைக்காலத்தில் அவருக்குத் தொண்டை கரகரத்தது. உடம்பு லேசாகச் சுட்டது. கடையை அடைத்துவிட்டு உள்ளேயே பாயை விரித்துக்கொண்டார். மனைவி சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

அக்கா போன் செய்தாள். "வீட்டுக்கு... வாடா. நான் ஒண்ணும்... சொல்லமாட்டேன்." ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று மூச்சு வாங்கினாள்.

"வரேன்க்கா. காய்ச்சல் விட்டு ரெண்டு நாள் போகட்டும்" என்றார். போனை வைத்த பிறகும் அந்த மூச்சு அவர் காதில் இரைந்துகொண்டிருந்தது.