ஒரு கையால் கத்தி மூடுவது எப்படி?

போன வாரம் செவ்வாய்க்கிழமை என் வலது கைக் கட்டை விரலில் தையல் போட்டார்கள். இந்தப் பத்தியை இடது கையால்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்குள் "ஐயோ பாவம்" சொல்லிவிடாதீர்கள். முழுசாகப் படித்துவிட்டு, அப்புறமும் தோன்றினால் சொல்லுங்கள். தோன்றாது.

காரணம் ஒரு மடக்குக் கத்தி.

சிங்கப்பூரிலிருந்து வந்த என் மச்சினன் செந்தில் – மனைவியின் தம்பி – கொண்டுவந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கறுப்புக் கைப்பிடி, அதற்குள் மடங்கிக் கிடக்கும் பளபள பிளேடு. "பழம் கிழம் நறுக்க வச்சுக்குங்க மாமா" என்று நீட்டினான்.

"டேய், கத்தியக் கையில குடுக்காதடா! கீழ வை, அவரு எடுத்துக்கட்டும்" என்று சோபாவிலிருந்து அதட்டினாள் மல்லிகா. என் மனைவி.

எங்கள் வீட்டில் இது சட்டம். கத்தி, கத்தரிக்கோல், உப்பு, மிளகாய்... எதையும் கைக்குக் கை கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும். உங்கள் வீட்டிலும் இருக்குமே? இவ்வளவு கவனமாக இருந்தும் எங்களுக்குள் சண்டை வராத வாரம் கிடையாது என்பது வேறு விஷயம். செந்தில் கத்தியை டீப்பாயில் வைத்தான். நான் எடுத்தேன்.

திறக்கப் பார்த்தேன். வரவில்லை. நகத்தைக் கொடுத்து இழுத்தேன். நகம்தான் உடைந்தது. இரண்டு கையாலும் மல்லுக்கட்டினேன். செந்தில் சிரித்துக்கொண்டே அதை வாங்கினான் – டீப்பாய் வழியாகத்தான். பிளேடில் ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது. அதைக் கட்டை விரலால் ஒரு தள்ளு. 'டக்!' பிளேடு வெளியே வந்து நின்றுவிட்டது. இன்னொரு கையில் காபி டம்ளர். ஒரு சொட்டு சிந்தவில்லை. அதே கையால் மடக்கியும் காட்டினான்.

"ஒரு கை போதும் மாமா. ஆனா உங்களுக்கு எதுக்கு? நீங்க ரெண்டு கையாலயே திறங்க. தப்பில்ல."

அந்தத் "தப்பில்ல" இருக்கிறதே... அது சுருக்கென்று தைத்தது. நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னால்கூட "வயசாச்சு, தப்பில்ல" என்கிற கட்டத்துக்கு வந்துவிட்டேனா என்ன? அவன் ஊருக்குப் போன மறுநாளே ஆரம்பித்துவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள். ஸ்ரீரங்கத்தில், அறுபதைத் தொடப்போகிற ஒரு மனிதன், ஒரே கையால் கத்தியைத் திறந்தே ஆக வேண்டிய அவசரம் எப்போது வரும்? இன்னொரு கையில் என்ன இருக்கும்? துளசித் தீர்த்தமா? ஆனால் வீம்பு என்று வந்துவிட்டால் இதெல்லாம் யோசிக்கத் தோன்றுமா? போனில் வீடியோ பார்த்தேன். டிவிக்கு முன்னால் பழகினேன். பால்கனியில் நின்று பழகினேன். டக்... டக்... டக்...

திறப்பது சீக்கிரமே வந்துவிட்டது. மூடுவதுதான் வித்தை. கைப்பிடிக்குள் ஒரு மெல்லிய தகடு பிளேடைத் தாங்கிப் பிடித்திருக்கும். அதைக் கட்டை விரலால் ஒதுக்க வேண்டும், ஆள்காட்டி விரலால் பிளேடின் முதுகைத் தள்ள வேண்டும், பிளேடு வந்து விழுவதற்குள் கட்டை விரலை வழியிலிருந்து எடுத்துவிட வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில். எதையும் திறப்பது சுலபம், மூடுவதுதான் கஷ்டம். என் வாயை அறிந்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். செந்தில் எதற்காகச் சிங்கப்பூரிலிருந்து வந்தான் என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அக்காவைப் பார்க்க வந்தான். தில்லை நகரில் ஒரு குறுக்குத் தெருவில் திரும்பும்போது, கொட்டிக் கிடந்த மணலில் ஸ்கூட்டி சறுக்கி, மல்லிகாவுக்கு வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. விரல் நுனி மட்டும் தெரிய, முழங்கை வரைக்கும் மாவுக் கட்டு.

ஆக, எங்கள் வீட்டில் ஒரே கையால் காரியம் செய்ய ஒருவர் நிஜமாகவே கற்றுக்கொண்டிருந்தார். அது நான் இல்லை.

ஊறுகாய் பாட்டிலை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு மூடியைத் திருகுவாள். பேஸ்ட் மூடியைப் பல்லால் கடித்துத் திறப்பாள். தலை பின்னிவிட என்னைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, கீழ் வீட்டு சபீனாவிடம் சீப்பை எடுத்துக்கொண்டு போவாள். படி இறங்கும்போது பால்கனியைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே நான். டக்... டக்...

நான் உதவவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கேட்டால் செய்வேன். கேட்டவுடன் இல்லை. "ஒரு நிமிஷம்" கழித்து.

அந்தச் செவ்வாய்க்கிழமை மல்லிகாவுக்குப் புத்தூரில் எலும்பு டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட். கிளம்புவதற்கு முன்னால் காபி போடச் சமையலறைக்குப் போனவள், அங்கிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏங்க, இந்தப் பால் பாக்கெட்டக் கொஞ்சம் வெட்டித் தாங்களேன்."

"ஒரு நிமிஷம்."

கவனியுங்கள். அவள் கேட்டது, வெட்டித் தரச் சொல்லி. என் கையில் இருந்தது, திறந்த கத்தி. ஆனாலும் "ஒரு நிமிஷம்" என்றேன். அன்றைக்குத்தான் மூடுவது கைக்குப் படிந்து வந்துகொண்டிருந்தது. நடுவில் விட்டால் போய்விடும் என்று பயம்.

அவள் இரண்டாவது முறை கூப்பிடவில்லை. 'தொப்' என்று ஒரு சத்தம்தான் கேட்டது. திரும்பினேன். சமையலறை வாசலில் மல்லிகா. பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கிழிக்கப் பார்த்து, அது மொத்தமாகப் பிய்ந்துவிட்டிருக்கிறது. முகம், நைட்டி, மாவுக் கட்டு எல்லாம் பால். கிழிந்த மூலை இன்னும் பல்லில் இருந்தது.

அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கை தன் பாட்டுக்குக் கத்தியை மூடியது. விரலை வழியிலிருந்து எடுக்கவில்லை.

முகவாயில் பால் சொட்டச் சொட்ட வந்து, இடது கையால் என் கையில் துண்டைச் சுற்றினாள்.

ஆட்டோக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சார், ரெண்டு பேரும் ஒண்ணா விழுந்தீங்களா?" காவிரிப் பாலம் தாண்டும்வரை நான் ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு அக்கறையாக நான் காவிரியைப் பார்த்ததே கிடையாது.

டாக்டர் இளைஞர். "மேடத்துக்குத்தான அப்பாயின்ட்மென்ட்? உங்களுக்கு என்னாச்சு சார்?" என்றார்.

என்ன சொல்வது? 'சும்மா விளையாடிக்கொண்டிருந்தேன்' என்றா? வாயைத் திறந்தேன். அதற்குள் மல்லிகா முந்திக்கொண்டாள்.

"எனக்குப் பால் பாக்கெட் வெட்டிக் குடுக்கறப்ப கை தவறிடுச்சு டாக்டர். பாவம், கட்டு போட்டதுலேருந்து எல்லாமே இவருதான் பாத்துக்கறாரு."

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வெரி குட் சார். இங்க வர்ற லேடீஸ்கிட்ட 'வீட்ல யாரு ஹெல்ப்'னு கேட்டா பாதிப் பேரு சிரிக்கத்தான் செய்றாங்க. உங்கள மாதிரி ஒருத்தரப் பாக்க எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா?" நர்ஸையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாளும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஏதோ... நம்மால முடிஞ்சது டாக்டர்."

எழுதும்போதே காது சூடாகிறது. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத்தான் தைத்தார்கள், வலிக்கவில்லை. இந்த வாக்கியத்துக்கு அப்படி ஒரு ஊசி இருந்தால் தேவலை.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள்? என் மானத்தைக் காப்பாற்றத்தானா? அப்படி நினைத்துக்கொண்டால் சௌகரியம். ஆனால் இன்னொன்றும் தோன்றுகிறது. பாக்கெட் வெட்டிக் கொடுக்கிற புருஷன், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற புருஷன்... அப்படி ஒரு ஆள் வீட்டில் இருந்தால் எப்படி இருக்கும் என்று அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஆசைப்பட்டுப் பார்த்தாளோ? இதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

வீடு திரும்பினால், மாடிப்படியில் சபீனா. மல்லிகா அதே கதையை அவளிடமும் சொன்னாள். "என்னண்ணே, அண்ணிக்காக இப்படியா கையக் கிழிச்சுக்குவீங்க? இனிமே நீங்க கிச்சன் பக்கமே போகக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள் சபீனா. மதியமே நெய்ச்சோறும் தால்ச்சாவும் கேரியரில் வந்துவிட்டது. குற்ற உணர்ச்சியில் ஒரு வாய்கூட இறங்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. இடது கையில் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டேன். வெட்கப்பட வேண்டியவற்றில் இதுவும் சேர்த்தி.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது ஒன்றுதான். மல்லிகா சண்டை போடவில்லை.

சாதாரணமாக நான் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டாலே, கோபுர வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி திட்டுகிறவள். இப்போது "மாத்திரை போட்டீங்களா?" என்கிறாள். "விரல நனைக்காம குளிங்க" என்கிறாள். திட்டினால் பதிலுக்கு ஏதாவது கத்தலாம். "மாத்திரை போட்டீங்களா"வுக்கு என்னவென்று கத்துவது? இரண்டு தடவை நானே ஆரம்பித்துப் பார்த்தேன். "மல்லிகா, அன்னிக்கு நான்..." "பரவால்ல, விடுங்க." அவ்வளவுதான். அந்தப் "பரவால்ல", செந்திலின் "தப்பில்ல"வைவிட ஆழமாக இறங்கியது.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் சமையலறை மேடையில் பால் பாக்கெட். முன்னால் நாங்கள் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் இடது கை மட்டும்தான். கத்தரிக்கோல் என் இடது கைக்கு மசியவில்லை. அவள் பாக்கெட்டை ஒரு தரம் பார்த்தாள். பல்லுக்குக் கொண்டு போய்விடுவாளோ என்று எனக்கு உதறல்.

"அந்தக் கத்தி எங்க?" என்றாள்.

அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். கேட்கும்போதே அவள் கண் அந்த டின் பக்கம்தான் போனது. எடுத்துத் திறக்கப் பார்த்தேன். இத்தனை நாள் பழகிய வித்தை அத்தனையும் வலது கையோடு போய்விட்டது. இடது கட்டை விரல் வழுக்கி வழுக்கி வந்தது.

"கெட்டியாப் பிடிச்சுக்குங்க" என்றாள். நான் கைப்பிடியைப் பிடித்தேன். அவள் பிளேடின் முதுகைக் கிள்ளிப் பிடித்து இழுத்தாள். 'டக்'. திறந்துவிட்டது. கடைசியில் செந்தில் சொன்னபடி இரண்டு கையால்தான் திறந்தோம். தப்பில்லை.

வழக்கம்போல் கத்தியை அவள் எடுத்துக்கொள்ளட்டும் என்று மேடையில் வைக்கப் போனேன். மல்லிகா இடது உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

"கையிலயே குடுங்க."

"கையிலயா? சண்டை வருமே?"

"வரட்டும்" என்றாள். "செவ்வாக்கெழமலேருந்து அடக்கி வச்சிருக்கேன்."

கைப்பிடியை அவள் பக்கம் திருப்பிக் கொடுத்தேன். நான் பாக்கெட்டைப் பிடித்துக்கொள்ள, மூலையை வெட்டினாள். பாலைப் பாத்திரத்தில் ஊற்றினாள். கத்தியைக் கீழே வைத்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"'ஏதோ நம்மால முடிஞ்சது டாக்டர்'... எதுங்க முடிஞ்சது? சொல்லுங்க! எது முடிஞ்சது?"

அன்றைக்கு எங்கள் வீட்டில் காபி குடிக்கும்போது மணி பத்தரை. போட்டது நான்.