தேங்காய் எண்ணெய் ஊற்றிய பியானோ

எழுபத்து நாலோ எழுபத்தைந்தோ, சரியாக நினைவில்லை. எனக்கு இருபத்து மூன்று வயது. பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில் வயலும் வெயிலுமாக வளர்ந்த என்னை, மூணாறிலிருந்து ஜீப்பில் ஒரு மணி நேரம் போக வேண்டிய ஒரு மலைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகப் போட்டிருந்தார்கள்.

அங்கே சங்கீத டீச்சராக இருந்தவர் சாதாரண ஆள் இல்லை. பாலக்காட்டு அக்ரகாரக் குடும்பம். அப்பாவுக்குக் கல்கத்தாவில் உத்தியோகம். அங்கே ஏழு வயதில் பியானோ முன் உட்கார்ந்தவர், பம்பாய், கொழும்பு என்று பெரிய மேடைகளில் தனியாக வாசித்துப் பெயர் வாங்கியவர். ஒரு எஸ்டேட் டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டு மலைக்கு வந்தபோது பியானோவும் லாரியில் பின்னாலேயே வந்ததாம். அதை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் பள்ளி ஹாலில் வைத்துவிட்டார். கொழுந்து கிள்ளுகிறவர்களின் பிள்ளைகள் அதில்தான் கற்றுக்கொண்டார்கள். பாடம் தொடங்கும் முன் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துச் சூடாக்குவார். ஊர் ஞாபகத்தில் நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த நாட்களில் தன் டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் தள்ளியவரும் அவர்தான்.

ஒன்பது வருடமாக அவர் மேடை ஏறவில்லை. அந்த வருடம் மதராஸில் கச்சேரிகள் நடத்தும் ஒருவர், நேரில் வந்து கேட்கிறேன், கை பழையபடி இருந்தால் மேடை தருகிறேன் என்று எழுதியிருந்தார். ஒரு சனிக்கிழமை மாலை நாலு மணிக்குப் பள்ளி ஹாலிலேயே ஏற்பாடு. டீச்சர் இரண்டு மாதம் விடாமல் பழகினார். மழை ஈரத்தில் பியானோவின் இரண்டு மூன்று கட்டைகள் இறுகிப்போயிருப்பதாக முந்தின நாள் சொன்னார்.

சனிக்கிழமை காலை ஹாலை அலங்கரிக்கப் போன நான், அந்தக் கட்டைகளை அழுத்திப் பார்த்தேன். எங்கள் ஊரில் தையல் மிஷின் இறுகினால் என்ன செய்வோம்? எண்ணெய் விடுவோம். மலைக்குளிரில் வெண்ணெய் மாதிரி உறைந்திருந்த தேங்காய் எண்ணெயை அடுப்பில் காட்டி உருக்கி, இடது பக்கக் கட்டைகளின் இடுக்கில் ஸ்பூனால் விட்டேன். உருக்கும்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கட்டைகள் அப்போது வழுக்கிக்கொண்டு போய் வந்தன. டீச்சருக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று யாரிடமும் சொல்லாமல் குளிக்கப் போனேன்.

பனி இறங்கிய பிறகு, இரண்டு மணிக்கு டீச்சர் வந்து உட்கார்ந்தார். இடது பக்கம் அழுத்திய கட்டைகள் கீழே போனவை மேலே வரவில்லை.

"இதென்ன, அனங்கவே மாட்டேங்கறதே," என்றார்.

தலைமை ஆசிரியை வாட்ச்மேனைக் கூப்பிட்டார். ஈரத் துணியால் துடைத்திருப்பான் என்று சத்தம் போட்டார். வாட்ச்மேனுக்கு என் அப்பா வயது. "சாமி சத்தியமா நான் தொடவே இல்லம்மா," என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொரு முறையும் அவரைத் திட்டிய பிறகுதான், "நாந்தானுங்க. தேங்காயெண்ணெ ஊத்திப்போட்டேன்," என்றேன்.

டீச்சர் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். ஆனால் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"எத்தனை ஸ்பூன்?"

"நாலுங்க டீச்சர்."

"சரி. அழறத அப்பறம் வெச்சுக்கோ. இஸ்திரிப் பெட்டியில கரி போட்டுக் கொண்டா."

முன்பலகையைக் கழற்றி, கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தந்தார். குளிரில் மறுபடி உறைந்திருந்த எண்ணெயை இஸ்திரிப் பெட்டியில் சூடாக்கிய துணியால் நான் துடைத்துத் திருப்பித் தந்தேன். கரியை விசிறிக்கொண்டிருந்தது, திட்டு வாங்கிய அதே வாட்ச்மேன். நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எல்லாம் சரியாகிவிட்டது, ஒரே ஒரு கட்டையைத் தவிர. அது மட்டும் அமுங்கினால் எழ மறுத்தது.

"ஒண்ணு பண்ணு. நீ எம் பக்கத்துல உக்காரு. இது கீழ போறப்பல்லாம் நகத்தால தூக்கி விடு."

"எனக்குப் பாட்டே தெரியாதுங்களே."

"பாட்டை நான் பாத்துக்கறேன். நீ கட்டையப் பாரு, கேட்டயா."

ஹால் நிறைந்திருந்தது. மதராஸ்காரர் முதல் வரிசையில். ஒரு மணி நேரம் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கட்டை அமுங்கும்போதெல்லாம் தூக்கிவிட்டேன். அவர் இடது கை அங்கே வரும்போது என் விரலுக்கு இடம் விட்டுச் சற்று விலகிப் போகும். ஒரு இடத்தில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வேலையை மறந்துவிட்டேன். வாசிப்பை நிறுத்தாமல் முழங்காலால் ஒரு இடி இடித்தார்.

முடிந்ததும் மதராஸ்காரர் என்னைக் காட்டி, இவர் யார் என்று கேட்டார்.

"எங்க கணக்கு டீச்சர். இவ இல்லாம இன்னிக்கு வாசிச்சிருக்க முடியாது," என்றார் டீச்சர். இன்று வரை அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. அந்த டிசம்பரில் அவர் மதராஸில் வாசித்தார். அதன் பிறகு வருடம் தவறாமல் போவார், கச்சேரி முடிந்ததும் ஜீப் பிடித்துப் பிள்ளைகளிடம் திரும்பிவிடுவார்.

அந்தச் சனிக்கிழமை எல்லோரும் போன பிறகு டீச்சரிடம் கேட்டேன், "எம்மேல கோவமே வரலீங்களா?"

"வந்துதே, நெறைய வந்துது. நாலு மணிக்குள்ள கோவப்பட நேரம் இல்லை."

வாட்ச்மேனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கரிக்கையைத் துடைத்துக்கொண்டே, "கொஞ்சம் முந்தியே சொல்லியிருக்கலாம் தாயி," என்றார். டீச்சரின் பார்வையைவிட அது அதிகமாக வலித்தது.

பிறகு நானும் தலைமை ஆசிரியையாகிப் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றேன். யாராவது எதையாவது கெடுத்துவிட்டு நடுங்கிக்கொண்டு வந்து நின்றால், கத்துவதற்கு முன் அவர்களுக்குக் கொடுக்க ஒரு வேலை இருக்கிறதா என்று தேடுவேன். சில நாள் கத்தியும் இருக்கிறேன். டீச்சர் அளவுக்கு நான் இன்னும் வரவில்லை.