ஆறு வாரம் சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு அரியலூருக்கு

கடந்த மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ரத்தப் பரிசோதனைக்காகப் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் போய்வந்தேன். வயிற்றுத் தொல்லையோடு பஸ் ஏற வேண்டியவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

எனக்கு வயது எழுபத்திரண்டு. கணவர் காலமான பிறகு தனியாக இருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு சர்க்கரை கொஞ்சம் கூடியிருப்பதாகச் சொன்னார்கள். எங்கள் பக்கம் சர்க்கரை என்றதுமே இரவுச் சோறு போய்ச் சப்பாத்தி வந்துவிடும், நானும் மாறினேன். அதன்பின் வயிறு உப்புசம், காலையில் மூன்று நான்கு முறை பேதி, எட்டுக் கிலோ எடைக்குறைவு. இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் ரத்தம் ஏறவில்லை. சென்னையில் இருக்கும் மகளிடம்கூடச் சொல்லவில்லை. கான்வென்ட்டில் படித்தவள் நான். இதையெல்லாம் வாய்விட்டுப் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அந்த வழக்கத்தை வைத்ததும் நான்தான்.

மார்கழியில் நானாகவே கோதுமையை நிறுத்தினேன். பேதி நின்றது. ஒரு மாதம் கழித்து, தேதிவாரியாக எழுதிய நோட்டுடன் அரியலூர் டாக்டரம்மாவிடம் போனேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நோட்டை முழுவதும் படித்தார்.

"கோதுமை ஒத்துக்கலைங்கறது சரியா இருக்கலாங்கம்மா. ஆனா நிறுத்திட்டு வந்தா ரத்தத்துல தெரியாம போயிடும். ஆறு வாரம் தினமும் ரெண்டு சப்பாத்தி சாப்பிட்டுட்டு வாங்க."

சாப்பிட்டேன். எல்லாத் தொல்லையும் திரும்பி வந்தது.

காலை 7.10க்குத் தனியார் பஸ். முப்பத்திரண்டு கிலோமீட்டர், டிக்கெட் முப்பது ரூபாய். முன்படிக்கட்டு அருகே உட்கார்ந்தேன். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் வண்டி ஊர்ந்தது. பேரளி தாண்டியதும் வயிறு முறுக்கியது. பத்து நிமிடம் பல்லைக் கடித்துப் பார்த்தேன். பிறகு எழுந்து கண்டக்டரிடம் வண்டியை நிறுத்தச் சொன்னேன். அரியலூருக்கு அரை மணிதான் இருக்கிறது என்றார் அவர்.

"அதுவரைக்கும் முடியாது தம்பி. பேதி."

சொல்லிவிட்டேன். பின்னாலிருந்து ஒரு குரல், "முடியலன்னா வூட்டுலயே கெடக்க வேண்டியதுதான" என்றது. டிரைவர் அடுத்த பெட்ரோல் பங்கில் வண்டியை ஓரங்கட்டினார். சின்ன வெங்காயக் கூடையோடு வந்த ஒரு பெண் என் பையை வாங்கிக்கொண்டாள். "மெதுவாப் போயிட்டு வாங்கம்மா, வண்டி எங்க போயிடும்" என்றாள். ஒன்பது நிமிடம் பஸ் நின்றது. கடிகாரத்தில் பார்த்தேன்.

8.35க்கு அரியலூர். ரத்தம் எடுக்க ஐந்து நிமிடம், கட்டணம் 1,400 ரூபாய். நான்கு நாளில் முடிவு வந்தது. பிறகு திருச்சியில் குழாய் விட்டுக் குடலைப் பார்த்து உறுதி செய்தார்கள்: சீலியாக் நோய். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதமே குடலைக் கெடுக்கிறதாம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பரிசோதனை முடியும்வரை கோதுமையை நீங்களாக நிறுத்தாதீர்கள். உறுதியான பிறகு ரவை, சேமியா, மைதாவோடு பெருங்காயத்தையும் கவனியுங்கள். பல டப்பாக்களில் கோதுமை மாவு கலந்திருக்கிறது. மாற்று உடையும் தண்ணீரும் பையில் இருக்கட்டும். முன் இருக்கை கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸில் போங்கள்.

இன்னொன்று. திருச்சி முடிவைப் பார்த்துவிட்டு, இது குடும்பத்தில் வரக்கூடியது, பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டரம்மா. அன்று மாலையே மகளுக்கு போன் செய்து, நோட்டில் இருந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"எனக்கும் மூணு வருஷமா இருக்கும்மா" என்றாள். "உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் சொல்லல."