மேலே ஓடும் புள்ளிகள்

நீங்கள் வேலை செய்யும் கட்டடத்தில் தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள்? கீழே என்று பட்டென்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் குழந்தை மேல்மாடியில் தூங்கிக்கொண்டிருந்தால்?

தீ ஒத்திகை நாள்வரை புள்ளியம்மாவுக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. தீப்பிடித்த கட்டடத்திலிருந்து மக்கள் எப்படித் தப்புவார்கள் என்று கணினியில் கணக்கிடுவது அவள் தொழில். திரையில் ஆளுக்கொரு புள்ளி; அதனால்தான் அவளுக்குப் புள்ளியம்மா என்று பெயர். மணி அடித்ததும் எல்லாப் புள்ளிகளும் சமர்த்தாகப் படியிறங்கும். அவளுடைய அக்கா தைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் அப்படித்தான் கணினியில் ஒரு மாதிரி உருவாக்கினாள். ஒரு படிக்கட்டே போதும் என்றது திரை. மேலாளருக்கு வாயெல்லாம் பல். தீயணைப்புத் துறைக்கான சான்றிதழில் அவள் கையெழுத்துப் போடுமுன்பே இரண்டாவது படிக்கட்டில் துணி மூட்டைகளை அடுக்கிக் கதவைப் பூட்டிவிட்டார்.

யாருக்கும் சொல்லாமல்தான் ஒத்திகை மணியை அடித்தார்கள். உண்மையான தீ என்றே எல்லாரும் நினைத்தார்கள். புள்ளியம்மா மேலாளரோடு இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று பார்த்தாள். இறங்கும் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு பெண்கள் சிலர் மேலே ஏறினார்கள். குழந்தைகள் காப்பகம் மேலேதான் இருந்தது. எல்லாருக்கும் முன்னால் அக்கா. இரு கூட்டமும் முட்டிக்கொண்டதில், கைப்பிடிக் கம்பியோடு நசுங்கிய ஒருத்திக்கு மூச்சே வரவில்லை. மணியை நிறுத்தி இழுத்தெடுத்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

மேலாளர் அதன்பிறகும் அசையவில்லை. தன் அறையில் சான்றிதழைக் கையெழுத்துக்கு நீட்டினார். முடியாது, அந்தக் கதவைத் திறங்கள், என் மாதிரியில் தாய்மாரே இல்லை என்றாள் புள்ளியம்மா. அப்படியானால் உன் கணக்கு பொய்யா என்று மடக்கினார்.

"பொய்தான் சார். தெரிஞ்சே சொல்ற பொய். எதை விட்டுட்டுச் சொல்றோம்னு ஞாபகம் இருக்கறவரைக்கும் உதவும். மறந்தா ஆளைக் கொல்லும்."

"அந்தப் பொய்யை நம்பி நான் எதுக்கும்மா கதவைத் திறக்கணும்?"

"கணக்கை நம்பவேணாம் சார். இப்பக் கண்ணால பாத்தீங்கல்ல?"

அவர் சிரித்தபடியே, உங்க அக்கா இங்கேதானே வேலை செய்றாங்க என்று நினைவூட்டினார். அவள் சான்றிதழை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். வெளியே வந்து, குழந்தையை இடுப்பில் இறுக்கிப் பிடித்திருந்த அக்காவிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"நாளைக்கு மணி அடிச்சாலும் நான் மேலதான்டி ஓடுவேன். அதை உன் புள்ளிக்குச் சொல்லிக் குடு" என்றாள் அக்கா.

புள்ளியம்மா திரும்பிப்போய்ச் சான்றிதழின் குறுக்கே எழுதினாள்: 'தாய்மார் மேலே ஓடுவார்கள். ஒரு படிக்கட்டு போதாது.' அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டாள்.

அக்காவுக்கு வேலை போயிற்று. புள்ளியம்மா அனுப்பிய அந்தத் தாள் தீயணைப்பு அதிகாரியின் மேசையில் கிடக்கிறது. இரண்டாவது படிக்கட்டின் கதவில் இன்னும் பூட்டு தொங்குகிறது. உள்ளே இன்றும் தையல் நடக்கிறது.

ஒரு கணக்கைக் காட்டி உங்களிடம் யாராவது பயப்படாதீர்கள் என்றால், அதில் யாரை விட்டுவிட்டீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள்.