லூர்துராஜ் ஏமாற்றவில்லை

ஆறு ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

போன செவ்வாய்க்கிழமை காலை ஒரகடத்தில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியபோது முருகன் என்னை நிறுத்தினான். சங்கரன்கோவிலிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளியாக வந்தவன், இப்போது நிரந்தரம். "சார், நம்ம கோச் போயிட்டாவ" என்றான். எந்தக் கோச் என்று நான் கேட்கவில்லை. வல்லம் வடகால் பக்கம் பந்தை உதைத்த, இந்தக் குழுவிலுள்ள உங்கள் எல்லோருக்கும் கோச் என்றால் லூர்துராஜ்தான்.

மணிமங்கலத்துக்காரர். தாம்பரத்தில் ஒரே அணியில் ஆடினோம். அவர் கேப்டன், நான் ஃபார்வர்டு. கொல்கத்தா கிளப் ஒன்றிலிருந்து ஆள் பார்க்க வந்த அன்று என்னைத் தடுப்பாட்டத்தில் நிறுத்தினார். அவர் இரண்டு கோல் போட்டார், தேர்வானார். கொல்கத்தாவில் நான்கு சீசன், மாலத்தீவில் மூன்று ஆண்டு, முழங்கால் போனபின் ஓமனில் உதவிப் பயிற்சியாளர். நான் முதுகலை முடித்து, பிறருடைய விடுப்பு விண்ணப்பங்களைப் படிக்கும் மனிதவளத் துறைக்கு வந்து சேர்ந்தேன். பல வருடம் கழித்து அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். "அன்னிக்கு ஸ்டாப்பருக்கு ஜுரம்டா. உன்ன வுட்டா வேற எவன் கீறான்?" என்றார். நியாயமான பதில். இன்றும் முழுதாக என்னால் ஏற்க முடியவில்லை.

ஊர் திரும்பியவரை எங்கள் கம்பெனி அணிக்குப் பயிற்சியாளராகப் போட்டார்கள். முதல் ஷிப்ட் முடித்து வருகிறவர்களை உடனே ஓடவிட மாட்டார். "லைன்ல நின்னுகினு வந்த காலு. பத்து நிமிஷம் செவுத்துல சாத்தி வை. அப்பறம் ஓடு" என்பார். இருபது பேர் மல்லாந்து படுத்து மதில் சுவரில் கால்களைச் சாத்தியிருப்பதைப் பார்த்து அதிகாரிகள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

கம்பெனிகளுக்கு இடையேயான போட்டியில் நிரந்தர ஊழியர் மட்டுமே ஆடலாம். எங்களிடம் கோல் போடத் தெரிந்தவன் முருகன் ஒருவன்தான்; அப்போது அவன் ஒப்பந்தம். லூர்து நேராக என்னிடம் வந்தார். "இவன் ஆடலாமா கூடாதா, நீயே சொல்லு." மேலாளருக்குக் கோப்பை வேண்டியிருந்தது. எனக்கு மேலாளரின் தயவு வேண்டியிருந்தது. முருகன் படத்தோடு நிரந்தர ஊழியர் அட்டை ஒன்றை நானே அச்சிட்டுக் கொடுத்தேன். முருகனை நிரந்தரமாக்கும் ஆணை வந்துவிட்டது என்று இருவரிடமும் சொன்னேன். நம்பினார்கள்.

கோப்பையை வென்றோம். தோற்ற அணி புகார் கொடுத்தது. விசாரணையில், அட்டை எப்படி வந்ததென்று எனக்குத் தெரியாது என்றேன். லூர்து கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு, "நான்தான் பண்ணேன் சார். வேற யாருக்கும் தெரியாது" என்றார். முருகனையும் வாய் திறக்கவிடவில்லை. வெளியே வந்ததும் என்னிடம், "உனக்கு ரெண்டு பொண்ணு படிக்குது. எனக்கு இன்னா, ஒரு விசில் இருந்தா எங்கியும் பொழச்சிக்குவேன்" என்றார். நான் நன்றிகூடச் சொல்லவில்லை. கேட்காமலே மன்னிக்கிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் எரிச்சல்தான்.

அவர் சொன்னபடி நடக்கவில்லை. மாலத்தீவு கிளப் ஒன்று பயிற்சியாளராக அழைத்து, எங்களிடம் சான்றுக் கடிதம் கேட்டது. 'போலி அட்டை தயாரித்ததற்காக நீக்கப்பட்டார்' என்று கோப்பில் இருந்ததை அப்படியே தட்டி அனுப்பியவன் நான். அந்த வேலை போயிற்று. கடைசி வரை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கிடங்கு வாசலில் லாரி எண் எழுதிக்கொண்டிருந்தார்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற இருவர் பேசிக்கொண்டார்கள். "செம பிளேயருபா. அந்த டூப்ளிகேட் கார்டு மேட்டர்லதான் பேரக் கெடுத்துகினாரு." முருகன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் குனிந்து செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டினேன்.

அட்டையை அச்சிட்டவன் நான். இதை அவர் மனைவியும், அந்த இருவரும், நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது விசாரணை அறையில் அவர் என்னைப் பார்த்த பார்வை. அதில் கோபம் இருந்திருந்தால் இதற்குள் மறந்திருப்பேன்.

கீழே என் பெயரைத் தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். ஓய்வு பெற இன்னும் நான்கு ஆண்டு இருக்கிறது. முருகனுக்கு யார் என்று தெரியும், உங்களில் சிலர் ஊகிப்பீர்கள். ஆனால் கம்பெனியிடம் காட்ட ஒரு பெயர் இருக்காது. நம் முகநூல் குழுவில் பெயரை மறைத்துப் பதிவிட வழி இருக்கிறது. அப்படியே பதிவிடுகிறேன்.